பிள்ளைக்குக் காரம் ஆகாது

எங்கள் வீட்டில் காரம் என்பது ருசிகளில் ஒன்றாகக் கணக்கிலேயே வராது. உப்பு கூடிவிட்டது என்று சண்டை வரும், புளி குறைந்துவிட்டது என்று முகம் கோணும். காரம் கூடிவிட்டது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பரளச்சிக்குப் பக்கத்தில், கரிசல் காட்டில், மழையை நம்பி மிளகாய் போடுகிற குடும்பம் எங்களுடையது. பழத்தைப் பறித்துக் களத்தில் காயவைத்து, விலை ஏறட்டும் என்று வத்தல் மூட்டைகளை வீட்டுக்குள்ளேயே அடுக்கிவைப்பார் அப்பா. அந்த மூட்டைகள்மேல் உட்கார்ந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன், எழுதியபடியே தூங்கியும் போனேன். வெளியூர் ஆட்கள் வந்தால் வாசல்படி ஏறும்போதே தும்மத் தொடங்கிவிடுவார்கள். "உள்ள வாங்க, ரெண்டு நாள்ல பழகிரும்" என்பார் அம்மா, ஏதோ ஆறுதல் சொல்வதுபோல.

மிக்சி ஜாரில் எதை அரைத்தாலும் அதில் கொஞ்சம் மிளகாய் சேர்ந்துவிடும். ஜாரின் அடியில், ரப்பர் வளையத்துக்குள், எந்தக் காலத்துக் காரமோ தங்கியிருந்தது. பொங்கலன்று பாயசத்துக்கு அதில்தான் தேங்காய் அரைப்பார்கள். அதனால் எங்கள் வீட்டுப் பாயசம் தொண்டையில் லேசாகப் பிடிக்கும். பாயசம் என்றால் அப்படித்தான் இருக்கும் போலும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டுக்குத்தான், நான் நாலாம் வகுப்புப் படித்தபோது, குஜராத்திலிருந்து சித்தப்பா வந்து சேர்ந்தார்.

சித்தப்பா அப்பாவுக்கு ரொம்ப இளையவர். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட்டதால் தம்பியை வளர்த்தது அப்பாதான். வத்தல் விற்ற காசில் ஐடிஐ படிக்கவைத்தார். படித்து முடித்த கையோடு சித்தப்பா வடக்கே ஒரு நூல் மில்லுக்கு ஃபிட்டராகப் போனார். இடையிடையே வருவார், வந்த வேகத்தில் கிளம்பிவிடுவார். இந்தத் தடவை அப்பா போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "போதும்லே. ஊரோட வந்து சேரு." அருப்புக்கோட்டை மில் ஒன்றில் வேலைக்கும் சொல்லிவைத்திருந்தார். சித்தப்பா "சரி"யும் சொல்லவில்லை, "முடியாது" என்றும் சொல்லவில்லை. "லீவு போட்டு வந்து இருந்து பாக்குறேண்ணே" என்று மட்டும் சொன்னாராம். இருப்பாரா, போய்விடுவாரா என்பதுதான் அப்போது எங்கள் வீட்டின் ஒரே கேள்வி. சாமி கும்பிடுவதில் அவ்வளவு அக்கறை காட்டாத அப்பா அந்தச் சமயத்தில் காலையும் மாலையும் திருநீறு பூசிக்கொண்டு திரிந்தார்.

வந்த அன்றைக்கே நாட்டுக்கோழி அடித்தார்கள். அம்மா கைப்பட வறுத்து அரைத்த குழம்பு. சித்தப்பா ஒரு வாய் வைத்தார், இரண்டாவது வாய் வைத்தார், கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தம்பியையே பார்த்தார்.

"எத்தன வருசமாச்சு, வீட்டுச் சோத்தத் தின்னு" என்றார்.

அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார். சித்தப்பா வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. கையை மட்டும் ஆட்டினார். "பாவம், பேச்சே வரமாட்டேங்குது" என்று அம்மா மேலும் ஒரு துண்டு கறியை எடுத்து வைத்தார். பாசத்தில் அழுகிற மனிதரை முதன்முதலாக அன்றுதான் பார்க்கிறேன் என்று நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் என்னவென்றால், பருப்புக் குழம்பில் வெல்லம் போடுகிற ஊரில் இத்தனை வருஷம் மெஸ்ஸில் சாப்பிட்டுச் சாப்பிட்டுச் சித்தப்பாவின் நாக்கு மாறிப்போயிருந்தது. இது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் எதைச் சொல்வது? தன்னை வளர்த்து ஆளாக்கியதே அந்த மிளகாய்தான். அண்ணன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அண்ணன் காட்டில் விளைந்த மிளகாய் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எந்த வாயால் சொல்வார்? போன தடவைகளில் இரண்டு நாளோடு போய்விட்டதால் சமாளித்திருக்கிறார். இந்தத் தடவை மாட்டிக்கொண்டார்.

ஒருநாள் இரவு, "தயிர் மட்டும் போதும் மதினி, வயிறு மந்தமா இருக்கு" என்று கேட்டார். அம்மா தயிர்ச்சோற்றைப் பிசைந்து, அதன் தலையில் மோர்மிளகாய் பொரித்துப் போட்டுக் கொண்டுவந்தார். "வெறுந்தயிர எப்பிடிய்யா திங்கிறது? மனுசனுக்கு இறங்குமா?" என்றார். சித்தப்பா மிளகாயை ஒதுக்கிவைத்துவிட்டுச் சாப்பிட்டார். பொரித்த எண்ணெய் சோற்றில் இறங்கியிருந்தது. அன்றும் அழுதார்.

நாளாக நாளாக அவர் சோற்றைக் குறைத்தார். கன்னம் ஒட்டியது. வீட்டுக்குள் ஓயாமல் தும்மினார், கேட்டால் சளி என்றார். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். குஜராத்தில் ஒரு பெண் இருக்கிறாள், அதான் இங்கே ஒட்டவில்லை என்பது பெரும்பான்மையோர் முடிவு. அம்மாவுக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. அப்பா மட்டும் ஒவ்வொரு வேளையும் தம்பியின் தட்டில் மிச்சமிருப்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். "அவன் இருக்கமாட்டான் போல" என்று அம்மாவிடம் ஒரு காலையில் சொன்னது எனக்கும் கேட்டது.

அன்று சாயங்காலம்தான் சித்தப்பா அந்தத் தந்திரத்தைத் தொடங்கினார். "பாப்பாவுக்கு டவுனச் சுத்திக் காட்டிட்டு வாரேண்ணே" என்று அப்பாவின் மொபெட்டை எடுத்தார். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் மண்டிய ரோட்டில், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு முன்னால் அருப்புக்கோட்டைக்கு நான் போனதில்லையா என்றால், போயிருக்கிறேன். காய்ச்சலுக்கு ஊசி போடவும், பள்ளிக்கூடச் சீருடைக்குத் துணி எடுக்கவும் பகலில் போயிருக்கிறேன். பகலில் பார்த்த அந்த ஊர் வெயிலில் வாடிப்போன சாதாரண ஊர். பொழுது சாயும் நேரத்தில் அது வேறு ஊராக இருந்தது. பகலில் வெறும் சாக்கடை ஓரமாக இருந்த இடத்திலெல்லாம் தள்ளுவண்டிகள் முளைத்திருந்தன. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பல்பு, ஒவ்வொரு பல்புக்குக் கீழும் ஆவி. பரோட்டாக் கடையில் இரண்டு கரண்டிகளை வைத்துக் கல்லில் தாளம் போட்டார்கள். மனிதர்கள் வீட்டுக்குப் போகாமல் தெருவிலேயே நின்று சாப்பிட்டார்கள், அதுவும் தெரியாத மனிதர்களுக்குப் பக்கத்தில் நின்று. இத்தனை பேருக்கும் வீட்டில் சோறு ஆக்கவில்லையா என்று எனக்கு ஒரே பிரமிப்பு.

சித்தப்பா நேராகப் பரோட்டாக் கடைக்குப் போய், "பிள்ளைக்குக் காரம் ஆகாது. காரமில்லாம சால்னா இருக்கா?" என்று கேட்டார்.

எந்தப் பிள்ளை என்று நான் திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான் சொல்கிறார் என்று புரிந்தபோது அவமானத்தில் காது சூடாகிவிட்டது. மாங்காயை மிளகாய்ப்பொடியில் புரட்டித் தின்பதில் எங்கள் வகுப்பிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அப்பாவே மெச்சியிருக்கிறார்.

"காரமே இல்லண்ணே. சின்னப்பிள்ளைக சும்மாக் குடிக்குதுக" என்றார் மாஸ்டர்.

நான் தொட்டுப் பார்த்தேன். வெந்நீர் மாதிரி இருந்தது. சித்தப்பா தொட்டுப் பார்த்தார். விக்கல் எடுத்தது. சொம்புத் தண்ணீரை வாயில் கவிழ்த்துக்கொண்டு, பரோட்டாவை அப்படியே வைத்துவிட்டு என் கையைப் பிடித்து நடந்தார்.

அங்கே தொடங்கியது ஊர்வலம். சுண்டல் வண்டியில் கேட்டால் தாளித்ததிலேயே வத்தல் கிடந்தது. அவித்த கடலைக்காரர் "வெறுங்கடல தானே, பேஷா இருக்கு" என்று அள்ளிப் பொட்டலம் கட்டும்போதே, நாங்கள் வேண்டாம் என்று சொல்வதற்குள், பழக்கதோஷத்தில் மிளகாய்ப்பொடியைத் தூவிவிட்டார். பஜ்ஜிக் கடைக்காரர் வாழைக்காய் பஜ்ஜியில் காரம் கிடையாது என்று சத்தியம் செய்தார். அவர் சொன்னதும் பொய்யில்லை, அவர் நாக்குக்குக் கிடையாது. ஊரே எங்கள் வீடு மாதிரித்தான் இருந்தது. எது காரம், எது காரமில்லை என்று சொல்லத் தெரிந்த நாக்கு அந்தத் தெருவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பசியோடு நடந்துகொண்டிருந்தது.

கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு இட்லிக்கார அக்காவைக் கண்டுபிடித்தோம்.

"சட்னி வேணாக்கா. பிள்ளைக்குக் காரம் ஆகாது."

"தேங்காச் சட்னிதானே தம்பி."

"அதுலயும் பச்ச மிளகா இருக்கும்ல."

"பின்ன, மிளகா போடாம அதுக்குப் பேரு சட்னியா?" என்றவர், என்னைப் பார்த்து இரக்கப்பட்டுவிட்டார். "மேலுக்குச் சொகமில்லையா பாப்பாவுக்கு? இந்தா, சீனி வச்சுத் தாரேன்."

நான் ஒரு நோயாளியின் முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு இட்லி தின்றேன். மிச்சத்தையெல்லாம் சித்தப்பா தின்றார். அப்படி ஒருவர் தின்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இட்லித் தட்டு இறங்க இறங்க, அக்கா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பிள்ளைக்குன்னீக?" என்றார். "வீணாக்கக் கூடாதுல்லக்கா" என்றார் சித்தப்பா, வாய் நிறைய இட்லியோடு.

எனக்கு அப்போது விளங்கிய காரணம் இதுதான்: ராட்டினத்தில் ஏற ஆசைப்படும் பெரியவர்கள் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதில்லையா, அதுபோல, இனிப்புத் தின்ன ஆசைப்படும் பெரியவருக்கும் ஒரு பிள்ளை தேவைப்படுகிறது. ஆகவே பெருந்தன்மையாக அந்த வேஷத்தை ஏற்றுக்கொண்டேன். மறுநாளிலிருந்து, சித்தப்பா "பிள்ளைக்கு" என்று தொடங்கும்போதே நான் முகத்தைச் சோர்வாக்கிக்கொள்வேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மொபெட் கிளம்பிவிடும். தேங்காய்ப்பால் ஊற்றி ஆப்பம் தரும் ஓர் ஆத்தாவைப் பிடித்தோம். பாலில் ஊறவைத்த பன்னைப் பிடித்தோம். ஒருநாள் பருத்திப்பால் வண்டி அகப்பட்டது. "சுக்கு தூவாமத் தாங்க, பிள்ளைக்கு ஆகாது" என்று வாங்கிக் கொடுத்தார். ஒரு மிடறு குடித்தேன், அப்படியே நின்றுவிட்டேன். பருத்திக்கொட்டைப் பாலும் கருப்பட்டியும் தேங்காயும் வழுக்கிக்கொண்டு இறங்கின. தொண்டையில் எதுவுமே பிடிக்கவில்லை. எங்கே, அந்தப் பிடிப்பு வரவில்லையே என்று காத்திருந்தேன், கடைசிவரை வரவில்லை. இனிப்பு என்பது முழுக்க இனிப்பாகவே இருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கண்ணாடித் தம்ளரைத் தூக்கிப் பல்பு வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே என்னதான் இருக்கிறது என்று தேடினேன் போலிருக்கிறது. "நல்லாருக்கா ஆத்தா?" என்று சித்தப்பா கேட்டார். காலித் தம்ளரை மறுபடி நீட்டினேன். இன்றைக்கும் அந்த ஒரு மிடறை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

நோன்பு மாதம் பிறந்திருந்தது. ஒரு சாயங்காலம் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு பள்ளிவாசல் தெரு வழியாக வந்தோம். பெண்களும் பிள்ளைகளும் தூக்குவாளியோடு வரிசையில் நின்றார்கள். உள்ளே, நான் உட்கார்ந்தால் மூழ்கிப்போகிற அளவுக்கு ஓர் அண்டா. ஒருவர் துடுப்புப் போன்ற கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தார். வரிசையில் நெற்றியில் பொட்டு வைத்தவர்களும் நின்றார்கள். யார் பாத்திரத்தை நீட்டினாலும் ஊற்றினார்கள். கேள்வி எதுவும் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. இப்படியும் ஓர் ஊர் உண்டா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்ன தம்பி, இந்தப் பக்கம்? அண்ணன் மகளா இது? வாங்க வாங்க" என்று ஒரு குரல் கேட்டது. அப்பா வழக்கமாக வத்தல் போடுகிற கமிஷன் கடை பாய். கடை அந்தத் தெரு முனையிலேயே இருந்தது. எங்களைக் கையோடு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மூட்டைகளுக்கு நடுவில் கோரைப்பாய் விரித்து, லோடு ஏற்றுகிறவர்கள், கணக்கர் என்று எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு கோப்பையில் கஞ்சி, பக்கத்தில் ஒரு பேரீச்சம்பழம். எங்கள் வீட்டு வாசனை அடித்ததால் எனக்கு அங்கே கூச்சமே இல்லை. வசதியாக ஒரு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"பிள்ளைக்குக் காரம் ஆகாது பாய்" என்று சித்தப்பா பழக்கத்தில் தொடங்கினார்.

"கஞ்சில ஏது தம்பி காரம்? அரிசி, பாசிப்பருப்பு, தேங்காப்பாலு, வெந்தயம், பூண்டு. பகல் பூரா வெறும் வயித்துல இருந்தவுகளுக்கு ஊத்துறது. காரம் போட்டா என்னத்துக்கு ஆகும்?"

சித்தப்பா கோப்பையை வாங்கிக்கொண்டார். ஆனால் யாரும் சாப்பிடவில்லை. எல்லாரும் கஞ்சியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வெளியே தெருவிலும் சத்தம் அடங்கிவிட்டது. எதிர்க்கடையிலும், அதற்கடுத்த கடையிலும், எல்லார் முன்னாலும் கஞ்சி இருந்தது, எல்லாருக்கும் பசி இருந்தது, ஒரு கை நீளவில்லை. என் வயதுப் பையன் ஒருவன்கூடக் கோப்பையைத் தொடாமல் இருந்தான். உனக்கு நோன்பு இல்லை, நீ சாப்பிடு என்றுதான் பாய் சொன்னார். எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நானும் காத்திருந்தேன். ஊரே சேர்ந்து ஒன்றைச் செய்யாமல் இருப்பதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதன் நடுவில் இருப்பது பயமாகவும் பெருமையாகவும் இருந்தது. பிறகு பாங்குச் சத்தம் கேட்டது. பாய் பேரீச்சம்பழத்தை எடுத்து முதலில் என் கையில் கொடுத்தார்.

கஞ்சி குழைந்து, இளஞ்சூடாக இருந்தது. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கோப்பை காலியானதும் பாய் கேட்காமலே ஊற்றினார். சித்தப்பா இரண்டு மிடறுக்கு ஒரு தும்மல் போட்டார்.

"யாருக்குத் தம்பி காரம் ஆகாது?" என்று பாய் மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளைக்குத்தான் பாய்."

பாய் என்னைப் பார்த்தார். "பிள்ள வத்தல் மூட்டைமேலயே உக்காந்திருக்கு. ஒரு தும்மல் இல்ல. நீங்க படி ஏறுனதுலேருந்து தும்முறீக."

"சளி பிடிச்சிருக்கு பாய்."

சித்தப்பா நெளிவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "எனக்குத்தான் காரம் ஆகாது" என்று உரக்கச் சொன்னேன். பாய் சிரிக்காமல் தலையை ஆட்டினார். "ஆமா ஆத்தா. ஒனக்குத்தான்." இன்னொரு கரண்டி கஞ்சியைச் சித்தப்பாவின் கோப்பையில் ஊற்றினார்.

மறுநாள் வத்தல் விலை கேட்டுவர அப்பா டவுனுக்குப் போனார். திரும்பி வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டார். அப்பா படுத்து நான் பார்த்ததே இல்லை.

"வயிறு எரியுது. காரம் வாயிலயே படக்கூடாதுன்னுட்டாக."

"யாரு சொன்னா?" என்று அம்மா பதறினார்.

"பாய்... டாக்டரு. டாக்டரு சொன்னாரு."

கையில் ஒரு பை வைத்திருந்தார். அதற்குள் புது மிக்சி ஜார் இருந்தது, ஒரு புதுச் சட்டியும் இருந்தது. பழைய ஜாரில் அரைத்தால் காரம் ஏறும் என்று டாக்டர் சொன்னாராம். அது மட்டுமில்லை. அன்று சாயங்காலமே லோடு ஆட்டோ வந்தது. விலை ஏறட்டும், ஏறட்டும் என்று அப்பா காத்துக்கிடந்த மூட்டைகள் எல்லாம், ஏறாத விலைக்கே, ஒன்றுவிடாமல் கமிஷன் கடைக்குப் போயின. நெடி வயிற்றுக்கு ஆகாதாம். ஆட்டோ போனபிறகு வீட்டுக்குள் நின்று பேசினால் குரல் எதிரொலித்தது. நான் வீட்டுப்பாடம் எழுத இடமில்லாமல் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா சாகப்போகிறார் என்று முடிவு செய்துகொண்டேன். இல்லாவிட்டால் எதற்கு எல்லாவற்றையும் விற்க வேண்டும்?

"ரெண்டு ஒலை வைக்க எனக்குத் தெம்பில்ல. அவுகளுக்கு ஆக்குறதத்தான் எல்லாரும் திங்கணும்" என்று அம்மா சொல்லிவிட்டார். பருப்பும் நெய்யும், பாலாடை போட்ட சோறும், மிளகு ஒன்றிரண்டு தட்டிய ரசமும் வந்தன. சாயங்காலமானால் பாய் கடை ஆள் ஒருவர் தூக்குவாளி நிறையக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். அப்பா அதை மருந்து குடிப்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார். சித்தப்பா வயிறாரச் சாப்பிட்டார். டவுனுக்குப் போவது நின்றுபோனது. ஒட்டிய கன்னம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. ஆனாலும் அவருக்குக் குஜராத் மில்லிலிருந்து போன் வந்துகொண்டேயிருந்தது. "அண்ணனுக்குச் சொகமானதும் கெளம்புறேன் மதினி. அவுக நல்லா எந்திரிச்சதும் இங்க எல்லாம் பழையபடி ஆயிரும்ல" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சரி என்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டுக்குட்டியைத் தேடிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனேன். சோளத்தட்டை அடுக்கிய படப்பின் மறைவில் அப்பா குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தூக்குச்சட்டி, அதில் பழைய சோறு. இடது உள்ளங்கையில் பச்சை மிளகாய். ஒரு கடி மிளகாய், ஒரு கை சோறு, மறுபடி ஒரு கடி. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என்னைப் பார்த்ததும் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"யாருட்டயும் சொல்லிராத ஆத்தா."

"சரியாயிருச்சாப்பா?"

அப்பா மிச்ச மிளகாயை உள்ளங்கைக்குள் மூடினார். "கொஞ்சம் போல" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் சுமந்த பயம் ஒரே நொடியில் இறங்கியது. அப்பா சாகமாட்டார், மிளகாய் தின்கிறார். சொல்லாதே என்பதெல்லாம் கெட்ட சேதிக்குத்தான், நல்ல சேதியைச் சொல்வதில் தப்பு கிடையாது என்பது என் கணக்கு. ஒரே ஓட்டமாக வீட்டுக்குள் ஓடினேன். சித்தப்பா சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, அப்பாவுக்குச் சரியாயிருச்சு! இனி நீங்க ஊருக்குப் போகலாம்!"

"யார் சொன்னா?"

"நானே பாத்தேன். படப்புக்குப் பின்னால உக்காந்து பச்ச மிளகா திங்கிறாக. கையில நெறைய வச்சிருக்காக."

சித்தப்பா மடித்த சட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு பின்பக்க ஜன்னலுக்குப் போனார். நானும் எக்கிப் பார்த்தேன். அப்பாவின் முதுகு தெரிந்தது. பஞ்சாயத்தில் நின்றால் ஊரே எழுந்து நிற்கிற மனிதர், சொந்த வீட்டில் திருடித் தின்கிற பிள்ளை மாதிரி, யாராவது வருகிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துப் பார்த்து மென்றுகொண்டிருந்தார். சித்தப்பா ரொம்ப நேரம் ஜன்னலை விட்டு நகரவில்லை. பிறகு பெட்டியருகே வந்தார். அடுக்கிய சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, உதறி, மறுபடியும் கொடியில் போட்டார். என் தலையில் கைவைத்து அழுத்தினார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சித்தப்பாதான் எல்லாருக்கும் பரிமாறினார். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சித்தப்பா கஞ்சியை ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"போதும்லே."

"குடிங்கண்ணே. வயித்துக்கு நல்லது."

அப்பா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சட்டென்று தட்டுக்குள் குனிந்துகொண்டேன்.

"எப்பக் கெளம்புற?" என்று அப்பா கேட்டார்.

"நீங்க சொகமானதும் போறேண்ணே."

"அதுக்கு நாளாகும் போலருக்கே."

"ஆகட்டும்ணே."

அப்பா தலையைக் குனிந்து, முகத்தைச் சுளிக்காமல், கஞ்சியைக் கடைசி மிடறுவரை குடித்தார். எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. அப்பாவுக்குச் சரியாகிவிட்டது, நான் கண்ணால் பார்த்தேன். சித்தப்பாவும் பார்த்தார். பார்த்தது அப்பாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் என் கண்ணெதிரிலேயே பொய் சொல்கிறார்கள் என்பதுவரை எனக்குப் புரிந்துவிட்டது. அவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிக்கொண்டு, இருவரும் ஏன் அத்தனை நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.